அம்மாவின் மறதி எனக்கும் வருமா? உங்கள் வீட்டு அனுபவங்களையும் எழுதுங்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து:
அம்மம்மாவுக்கு அறளை பெயர்ந்தபோது வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டார்கள். இப்போது 74 வயதில் அம்மா, சோற்றை வடித்து இறக்கிய கையோடு மறுபடியும் உலை வைக்கிறார். அல்சைமர் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கனடாவிலுள்ள தங்கச்சி பயந்துபோய், எச்சிலை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்தாள். ஏபிஓஈ மரபணுவில் 4ஆம் வகை ஒன்று இருப்பதாக முடிவு வந்தது. "எனக்கும் அம்மாவைப் போலத்தான் அக்கா" என்று போனில் ஒரே அழுகை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன். ஏபிஓஈ எல்லாரிடமும் இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. 2, 3, 4 என்று அதில் மூன்று முக்கிய வகைகள். 4ஆம் வகை ஒன்று இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, இரண்டும் அதுவென்றால் 8 முதல் 12 மடங்கு. ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்தவர்கள் உண்டு, இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. நேரே பிள்ளைகளுக்குக் கடத்துபவை ஏபிபி, பிரெசெனிலின் 1, 2 என்ற வேறு மரபணுக்களில் வரும் அரிய மாற்றங்கள். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே நோய் தொடங்கிவிடுமாம். எங்கள் வீட்டில் அப்படியில்லை.

நம் பக்கத்தில் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாக வருவதால் இதையும் "அவங்கட குடி வருத்தம்" என்று சொந்தத்தில் பேசுகிறார்கள். மகளின் கலியாணப் பேச்சில் ஒரு மாமி இதை எடுத்தபோது மனம் நொந்துவிட்டேன். தங்கச்சியின் அந்த 4 அப்பா வழியிலும் வந்திருக்கலாமே!

டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன்கூட, தன் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது ஏபிஓஈ முடிவை மட்டும் தனக்கும் சொல்ல வேண்டாம் என்றார். நானும் பார்க்கப்போவதில்லை. பிரஷரையும் சீனியையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன், அவை என் கையில் இருக்கின்றன.

காத்தான்குடியிலிருந்து:
வாப்பா பள்ளிக்குப் போய்விட்டு வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றார். நாங்களும் அல்சைமர் என்றே முடிவுகட்டினோம். ரத்தம் சோதித்தால் தைரொய்டும் பி12 விட்டமினும் நன்றாகக் குறைந்திருந்தன. மருந்து தொடங்கிச் சில மாதங்களில் பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். மரபணுவுக்கு முன்னால் இதைப் பாருங்கள், ராத்தா.

கல்முனையிலிருந்து:
நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மரபணு சொல்வது வாய்ப்பை மட்டும். மூளையில் நோய் தொடங்கிவிட்டதா என்று காட்டுபவை அமிலொய்ட், டோ என்ற புரதங்கள். அமிலொய்ட் மூளையில் படியப் படிய, முதுகில் ஊசி குத்தி எடுக்கும் நீரில் அமிலொய்ட் 42 என்ற அதன் ஒரு வகை குறையும், டோ கூடும். 2025 மே மாதம் இவற்றை ரத்தத்திலேயே அளக்கும் ஒரு சோதனைக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அதுவும் 55 வயதும் அதற்கு மேலும் ஆகி, மறதி தொடங்கியவர்களுக்குத்தான். நல்ல சுகமாக இருக்கும் உங்கள் தங்கச்சிக்கு அது தேவையில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
என் தம்பிக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களில் 21ஆவது மற்றவர்களுக்கு இரண்டு, அவனுக்கு மூன்று. மேலே சொன்ன ஏபிபி மரபணு அதில்தான் இருக்கிறது, அமிலொய்ட் உருவாவது அதன் புரதத்திலிருந்துதான். அதனால் இப்படிப் பிறந்தவர்களுக்கு 40 வயதுக்குள்ளேயே அமிலொய்ட் படியத் தொடங்கிவிடுகிறது. 46 வயதில் தானாகச் சாரம் கட்டுவதை மறந்தான், தெரிந்த ஆட்களைக் கண்டு பயந்தான். பிடிவாதம் என்றுதான் எல்லாரும் ஏசினார்கள். நோய் என்று தெரிந்தபின் வீட்டில் யாரும் அவனை அதட்டுவதில்லை. இப்போது சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறான். இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், எப்படிச் சாப்பிடவைத்தீர்கள் என்று எழுதுங்கள்.