ஒலிம்பிக் டென்னிஸ்ல அரையிறுதியில தோத்தவங்க மோதற வெண்கல ஆட்டம்: உங்களால மறக்க முடியாதது எது?

நகரி பேஸ்லைன்
2004 ஏதென்ஸ், ஆண்கள் இரட்டையர். பயஸ்–பூபதிக்கு எதிரே ஆன்சிச்–லூபிசிச். 7-6, 4-6, 16-14னு குரோஷியாக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்போ கடைசி செட்டுக்கு டைபிரேக் (6-6 ஆனா புள்ளிக் கணக்குல செட்ட முடிக்கறது) கிடையாது, ரெண்டு கேம் வித்தியாசம் வர்ற வரைக்கும் ஓட்டணும். அந்த ஒரு செட்லயே 30 கேம். அரையிறுதியில கீஃபர்–ஷூட்லர்கிட்ட 2-6, 3-6னு சுருண்ட ஜோடி, இவ்வளவு தூரம் இழுத்துட்டு வெறுங்கையோட திரும்பினது இன்னும் ஆறல.

செங்கோட்டை லெஃப்டி
அது போராடித் தோத்தது, விடுங்க. வயித்தெரிச்சல்னா 2016 ரியோதான். கலப்பு இரட்டையர் அரையிறுதி, அமெரிக்காவோட வீனஸ்–ராஜீவ் ராம் ஜோடிகிட்ட சானியா–போபண்ணா முதல் செட்ட 6-2னு எடுத்தாச்சு. அடுத்தது 2-6. மூணாவதா செட்டே இல்ல, அதுக்குப் பதிலா 10 புள்ளி எடுத்தா ஆட்டமே முடியற சூப்பர் டைபிரேக். 3-10. ஜெயிச்சிருந்தா வெள்ளியாவது உறுதி. முழு செட்டா இருந்தா ஒரு சர்வீஸ் போனாலும் மீட்க நேரம் இருக்கும். இதுல நம்ம சர்வீஸ்ல ரெண்டு புள்ளி போச்சுன்னா எந்திரிக்கவே முடியாது, சுத்த லாட்டரி. மறுநாள் வெண்கல ஆட்டத்துல ஹ்ராடெட்ஸ்கா–ஸ்டெபானெக்கிட்ட 1-6, 5-7.

களியக்காவிளைக்காரன்
அண்ணாச்சி, இந்த வெண்கல ஆட்டமே வேண்டாத வேலை. ஆசிய விளையாட்டுல அரையிறுதியில தோத்த ரெண்டு தரப்புக்கும் வெண்கலம் உண்டு. 2018ல சென்னை பிரஜ்னேஷ் வாங்கினது அப்படித்தான். ஒலிம்பிக்லயும் 1988, 1992ல அதே முறைதான் இருந்துச்சு. டோக்கியோவுல என்ன ஆச்சு? கரேன்யோ புஸ்டாகிட்ட தோத்துக்கிட்டிருந்த ஜோகோவிச் ஒரு பேட்டை காலி கேலரிக்கு வீசினாரு, இன்னொண்ண நெட் கம்பத்துல அடிச்சு ஒடிச்சாரு. அப்புறம் தோள்வலின்னு கலப்பு இரட்டையர் வெண்கல ஆட்டத்துக்கு வரவே இல்ல. எதிர்ல ஆட வேண்டிய ஆஸ்திரேலிய ஜோடி பார்ட்டி–பியர்ஸுக்கு பந்தே அடிக்காம பதக்கம். ஜோகோவிச்சோட ஜோடி சேர்ந்த ஸ்டோயனோவிச் பாவம், ஒண்ணும் கிடைக்கல.

நகரி பேஸ்லைன்
வேண்டாத வேலையா? 1996 அட்லாண்டாவுல பயஸ், அரையிறுதியில அகாசிகிட்ட 6-7, 3-6னு தோத்துட்டு வந்து, வெண்கல ஆட்டத்துல மணிக்கட்டு வலியோட மெலிஜெனிகிட்ட முதல் செட்ட 3-6னு விட்டு, 6-2, 6-4னு முடிச்சாரு. சும்மா பங்கு போட்டுக் கொடுத்த பதக்கம்னு எவனும் வாயத் திறக்க முடியாது. 2012ல டெல் போட்ரோ, அரையிறுதியில ஃபெடரர்கிட்ட 4 மணி 26 நிமிஷம் ஆடி கடைசி செட்ட 17-19னு இழந்தவரு, திரும்ப வந்து ஜோகோவிச்சையே 7-5, 6-4னு கவுத்தாரு.

கொழிஞ்சாம்பாறை காத்து
செங்கோட்டைக்காரரே, சூப்பர் டைபிரேக் லாட்டரி இல்லீங்க. பாதிப் பேருக்கு அதோட விதியே தெரியறதில்ல. அது ஆரம்பிக்கும்போது ஜோடிக்குள்ள யார் முதல்ல சர்வீஸ் போடறது, யார் எந்தப் பக்கம் வாங்கறதுன்னு மாத்திக்கலாம். புதுப் பந்து மாத்தற நேரம் வந்திருந்தாலும் அப்போ பழசுதான். 6 புள்ளிக்கு ஒருதரம் ரெண்டு ஜோடியும் கோர்ட்ல பக்கம் மாறணும்.

நம்ம பாலக்காட்டுக் கணவாய்ல ஆடி மாசம் மேல்காத்து (மேற்கேயிருந்து வர்றது) வீசறப்போ இது ரொம்ப முக்கியமுங்க. கோர்ட் வடக்கு–தெற்கா இருக்கும், காத்து குறுக்கே வரும். வலதுகைக்காரர் தெற்கு பார்த்து சர்வீஸ் போட்டா, தூக்கிப் போட்ட பந்து தலைக்கு மேல இடது பக்கம் ஓடும். டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வீஸும் தப்பிப் புள்ளி போறது) அங்கதான் விழும். வடக்கு பார்த்தா பந்து வலது பக்கம் நகரும், எட்டிப் பிடிச்சு அடிச்சிடலாம்.

இப்போ கணக்கு. முதல் புள்ளிக்கு மட்டும் ஒரு சர்வீஸ், அப்புறம் ரெண்டு ரெண்டு புள்ளியா ஜோடி மாறி மாறிப் போடணும். முதல் சர்வீஸ் நம்மளுதுன்னா நம்மாளு ஒருத்தருக்கு 1, 8, 9ஆவது புள்ளி, இன்னொருத்தருக்கு 4, 5, 12, 13. தெற்கு பார்த்து ஆரம்பிக்கறதா இருந்தா, பந்தை உயரமாத் தூக்கறவர முதல்ல போட விடுங்க. கெட்ட பக்கத்துல ஒரே ஒரு புள்ளியோட போயிடும், 8, 9 நல்ல பக்கத்துல வரும். 4, 5ஐ பந்தைத் தாழ்வாத் தூக்கறவர் போடட்டும். பக்கம் மாறினதும் அவசரப்படாம, பந்து கையை விட்டுக் கோணலாப் போனா அடிக்காம பிடிச்சுக்குங்க. அதுக்கு ஃபால்ட் கிடையாது, பேட்டை வீசினாத்தான் கணக்கு.

செங்கோட்டை லெஃப்டி
ரியோவப் பத்திச் சொன்னா ஆடிக்காத்துக்குப் போயிட்டீங்களே, யாரு கேட்டா!

கொழிஞ்சாம்பாறை காத்து
கேக்காட்டி என்னங்க. ஹாங்சோ ஆசிய விளையாட்டு கலப்பு இரட்டையர் இறுதியில அதே போபண்ணா, ருதுஜா போசலேவோட முதல் செட்ட 2-6னு விட்டு, 6-3, சூப்பர் டைபிரேக்ல 10-4னு தங்கம் எடுத்தாரு. அன்னைக்கு மட்டும் அது லாட்டரி இல்லையாக்கும்?