ரஸ்புதின் வினாடி வினா: தேதிக் கேள்வியில் சிக்கல்

ரஷ்ய ஜார் குடும்பத்துக்கு நெருக்கமான சாமியார் ரஸ்புதின் பற்றி டெலிகிராமில் தினம் ஒன்றாகப் போகும் வினாடி வினாக் கேள்விகளில் தேதி வந்தாலே தகராறு. பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அவர் கொலை நடந்தது அப்போது ரஷ்யாவில் இருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி 1916 டிசம்பர் 17, இன்றைய கணக்கில் 30. இரண்டும் சரி, ஆனால் விடை ஒன்றுதான் குறிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 13 நாள் கூட்டிப் பார்த்தாச்சு. பிறந்த தேதி உதைக்கிறது: 1869 ஜனவரி 9 என்பது 21தான், 22 அல்ல. 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள். வருடம் மட்டும் கேட்டால் சப்பென்றிருக்கிறது. விடையோடு காட்டும் விளக்கத்தில் சொல்லலாமென்றால் 200 எழுத்து வரம்பு. தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகி இரண்டு வரியிலேயே நிரம்பிவிடுகிறது. (சயனைடு கேக் கேள்வியை எடுத்தாச்சு, அது கொலையாளிகளில் ஒருவரான யூசுபோவ் சொன்ன கதை. நெற்றிக் குண்டுக்காவது புகைப்படம் இருக்கிறது.)

ஒரே விடை வரும்படி, 30 என்பவரும் மறுக்க முடியாதபடி கேள்வியை எப்படி எழுதுவது?