ஒன்பது வருடம் நாயைப் பிடித்தாகிவிட்டது, இனி வேறு வேலைக்குப் போகலாமா?

நீலக்கான்யூலா

சென்னையில் ஒரு பெட் கிளினிக்கில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 32. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தேன், அதோடு சரி. வெளிநாட்டில் இந்த வேலைக்கு வெட்டரினரி நர்ஸ் என்று பெயராம். இங்கே எனக்கு என்ன பெயர் என்று இன்று வரை தெரியாது. சம்பள நோட்டில் 'ஹெல்பர்'. டாக்டர் 'அசிஸ்டென்ட்' என்பார். நாயைக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் 'ஏம்மா'.

போன வாரம் ஒரு லாப்ரடார் குட்டி வந்தது. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு. இரண்டு கிலோ கூட இல்லை. ரத்தமாகப் போய்ப் போய் உடம்பில் நீர் வற்றி, நரம்பு நூல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. டாக்டர் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு "நீ பாரும்மா" என்று நகர்ந்துகொண்டார். டிரிப் ஏற்றும் ஊசிக்குழாயில் நீலத்தை வைத்துவிட்டு, அதைவிட மெல்லிய மஞ்சள் கான்யூலாவை எடுத்தேன். முன்னங்கால் முடியை வழித்து ஸ்பிரிட் தடவினேன். பிடித்திருந்த பையனை முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்திக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். அப்போது நரம்பு லேசாக எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒரே குத்து. டிரிப் ஓட ஆரம்பித்ததும் குட்டியின் சொந்தக்காரர் டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என் பக்கம் திரும்பி, "ஏம்மா, தரையைக் கொஞ்சம் துடைச்சிடு, வழுக்குது" என்றார்.

துடைத்தேன். அதுவும் என் வேலைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு இரவுதான் விட்டுவிடலாமா என்று முதல் தடவையாகத் தோன்றியது.

சம்பளம் 17,000. தெரிந்த கிரூமிங் கடையில் 22,000 தருகிறேன் என்கிறார்கள். இல்லாவிட்டால் மனிதர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு படிக்கலாம் என்று ஒரு யோசனை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

முன்னாள்_கம்பவுண்டர்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? கிளம்புங்கள். நான் ஏழு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது வேனில் போய் கிரூமிங் செய்கிறேன். ஒரு ஷீட்சூவுக்குக் குளியல், முடிவெட்டு, நகம், காது எல்லாம் சேர்த்து 1,500 வாங்குகிறேன். ஒரு நாளைக்கு நாலு நாய். கிளினிக்கில் இருந்தவரை தீபாவளி ராத்திரி ஒன்றுகூட வீட்டில் இருந்ததில்லை. பட்டாசுக்குப் பயந்து ஓடி அடிபட்ட நாய், கதவில் மோதிப் பல் உடைந்த நாய் என்று விடிய விடிய வரும். போன தீபாவளிக்கு என் பெண்ணோடு மத்தாப்பு கொளுத்தினேன்.

இடுப்பு வலிக்கும், அதை மறைக்கவில்லை. ஹஸ்கியைக் கொண்டுவந்து "மொட்டை அடிச்சிடுங்க, வெயில் தாங்கல" என்பார்கள். அதற்கு இரட்டை முடி, வழித்தால் வெயில்தான் நேராகத் தோலில் இறங்கும் என்று தினமும் ஒருவருக்காவது சொல்லிப் புரியவைக்க வேண்டும். ஆனால் ஒரு குட்டியும் என் கையில் சாவதில்லை.

மூன்று_பூனை

காசு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். வாயில்லா ஜீவனுக்குச் சேவை செய்யும் பாக்கியம் எல்லோருக்கும் வராது. விடாதீர்கள் சகோதரி.

நீலக்கான்யூலா

வாயில்லா ஜீவன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வாடகை கேட்கிற ஜீவனுக்கு வாய் இருக்கிறதே.

வாடகைக்_கட்டடம்

நான் கால்நடை மருத்துவர். சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் முதலாளியை வில்லனாக்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம். நாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒவ்வொரு பில்லும் கைக்காசு. எக்ஸ்ரேக்குப் பேரம், ரத்தப் பரிசோதனைக்குப் பேரம். மூன்று உதவியாளர்களுக்குத் தலைக்கு ஐயாயிரம் ஏற்றினால் நான் ஃபீஸை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஐந்நூறு மீட்டரில் இன்னொரு கிளினிக் இருக்கிறது.

இரண்டாவது, பெயர். பெயர் கொடுக்க எங்களுக்கு ஆசையில்லை என்று நினைக்காதீர்கள். 1984ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தில் 30ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவர் தவிர வேறு யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, காயடித்தல் மாதிரியான சிறு சேவைகளை மட்டும், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில், மாநில அரசு அனுமதித்தவர்கள் செய்யலாம். நர்ஸ் என்ற சொல்லே அதில் கிடையாது. கிராமத்தில் கால்நடை ஆய்வாளர் இருக்கிறார், பராமரிப்பு உதவியாளர் இருக்கிறார். அவை அரசுப் பதவிகள். தனியார் கிளினிக்கில் நாயைப் பிடிப்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நான் லெட்டர்ஹெட்டில் 'நர்ஸ்' என்று அடித்துக் கொடுத்தால் நாளைக்கு அதையே காட்டி வீடு வீடாக ஊசி போடக் கிளம்பிவிடுவார்கள். என்னிடம் பழகிய இரண்டு பையன்கள் அப்படித்தான் போனார்கள்.

அரசுப் பணிக்கு அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள் அம்மா. அதுவரை பொறுமையாக இருங்கள்.

முன்னாள்_கம்பவுண்டர்

டாக்டர், ஊசி போடக் கற்றுக்கொடுத்தது யார்? ராத்திரி பத்து மணிக்கு "நீயே போட்டுடு, நான் வீட்டுக்குப் போறேன்" என்றது யார்? உங்கள் கிளினிக்கில் போட்டால் மேற்பார்வை, வெளியே போட்டால் குற்றமா?

உண்மையையே சொல்கிறேன். வெளியே வந்த முதல் வருடம் உண்ணிக்கு நானும் வீட்டில் போய் ஊசி போட்டிருக்கிறேன். பயம் வந்து நிறுத்திவிட்டேன்.

வாடகைக்_கட்டடம்

எந்த ஊசி என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஐவர்மெக்டின். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நாலு வருடத்துக்கு முன் ஒரு கோலி நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் விரிந்து நிற்கிறது, கால் இழுக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. "அண்ணன் வந்து உண்ணிக்கு ஊசி போட்டாரு" என்றார்கள். கோலி இனத்தில் பல நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கிற மரபணு சரியாக இருக்காது. அடுத்த நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு இதைக் கொன்றுவிடும். மூன்று நாள் வைத்திருந்தோம், போய்விட்டது. ஊசி போடக் கை போதும். எப்போது போடக் கூடாது என்பதற்குத்தான் ஐந்தரை வருடம் படிக்கிறோம்.

முன்னாள்_கம்பவுண்டர்

சரி. அதற்குப் பதில் இல்லை.

பச்சைச்_சட்டை

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில் பதிவு பெற்ற வெட்டரினரி நர்ஸ். பதினொரு வருடமாகுது. டாக்டர் சொன்ன பயம் எனக்கு விளங்குது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பெயரைக் கொடுக்காமல் விடுறது இல்லை, பெயரைக் கொடுத்து வேலி போடுறதுதான்.

இங்கே 1966ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை எண்டு ஒன்று இருக்கு. பதிவு பெற்ற நர்ஸ், டாக்டரின் பணிப்பில் மருந்து கொடுக்கலாம், சின்ன அறுவை செய்யலாம், ஆனால் வயிறு, நெஞ்சு மாதிரி உள்ளறைக்குள் போகக் கூடாது. கோடு எங்கே எண்டு எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். நான் பிழை செய்தால் விசாரிச்சுப் பெயரை நீக்குவினம். வருடத்துக்கு 15 மணித்தியாலம் புதுசாகப் படிச்சுக் கணக்குக் காட்ட வேணும். வீடு வீடாய்ப் போய் ஊசி போட எனக்குத் துணிவு வராததுக்கு அந்தப் பதிவுதான் காரணம். இழக்க ஒன்று இருக்கிற ஆள்தான் கவனமாக இருப்பாள்.

இதுவும் வானத்திலிருந்து விழவில்லை. 1961இல் பயிற்சி தொடங்கினபோது நர்ஸ் எண்டு போட விடவில்லை, அது மனிசருக்கு வேலை செய்யிற ஆக்களின் பெயராம். விலங்குப் பராமரிப்புத் துணையாள் எண்டமாதிரி ஒரு பெயர்தான். 1984இல்தான் வெட்டரினரி நர்ஸ் ஆனது. டாக்டர் காட்டின சட்டம் உங்களுக்கு வந்த அதே வருடம்.

இனித் தங்கச்சிக்கு. பெயர் வந்தால் எல்லாம் சரியாகும் எண்டு நினைக்காதேங்கோ. எனக்குப் பச்சை யூனிஃபார்ம் இருக்கு, நெஞ்சில் பட்ஜ் இருக்கு. என்னோடு படிச்ச ஆறு பேரில் இப்ப இரண்டு பேர்தான் மிச்சம். ஒருத்தி இன்ஷூரன்ஸ் கம்பனியில் கிளெய்ம் பார்க்கிறாள், ஒருத்தி கல்லூரியில் படிப்பிக்கிறாள். சம்பளம் காணாது. பில்லைப் பார்த்துக் கத்துறவன் டாக்டரிடம் கத்துறதில்லை, எங்களிடம்தான். கருணைக்கொலை ஊசி போடேக்க நாயின் தலை என்ர கையில்தான் இருக்கும். ஒரு நாளில் மூன்று முறை இருந்த நாளும் உண்டு. நானும் விடுறதைப் பற்றித்தான் யோசிக்கிறன்.

மூன்று_பூனை

வெளிநாட்டிலும் இதே கதையா? எல்லோரும் விட்டுவிட்டால் எங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது?

பச்சைச்_சட்டை

அதை உங்கட பில்லைக் கட்டேக்க யோசியுங்கோ அக்கா.

தியேட்டர்_பச்சை

நான் மனிதர்கள் ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டெக்னீஷியன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல இங்கே வேறு ஆள் இல்லை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. என்றால் மூன்று வருடம், அப்புறம் ஒரு வருடம் பயிற்சி. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. முடிக்கும்போது உங்களுக்கு 36 அல்லது 37. சான்றிதழ் கோர்ஸ் என்று ஒரு வருடத்தில் முடித்துத் தருகிற இடங்களும் உண்டு. சேருவதற்கு முன் எந்தப் பல்கலைக்கழகம், எந்த மன்றம் என்று கேளுங்கள். வாய் குழறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மனிதர்கள் பக்கம் 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. எங்களுக்கு ஒரு பட்டியல், ஒரு பதிவேடு என்று வருகிறது. அது உங்களுக்கு இல்லாதது, உண்மை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேருகிறவரின் சம்பளம் உங்கள் 17,000ஐவிடப் பெரிதாக இருக்கும் என்று நம்பி வராதீர்கள். நைட் ஷிஃப்ட் நிச்சயம்.

ஒன்று கேட்கட்டுமா? மயக்கத்தில் நாயை நீங்கள் கவனிப்பதுண்டா?

நீலக்கான்யூலா

உண்டு சார். கருத்தடை ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் நான்தான் தலைமாட்டில். இமையைத் தொட்டுப் பார்ப்பேன், தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஈறை அழுத்தி விட்டால் இரண்டு செகண்டுக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மானிட்டர் இருக்கிறது, ஆனால் நாக்கில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப், நாக்கு காய்ந்தால் நழுவிப் பொய் சொல்லும். அதனால் நாக்கையே பார்ப்பேன்.

தியேட்டர்_பச்சை

எங்களிடம் மூன்றாம் வருடம் படிக்கிற பையனுக்கு கிளிப் பொய் சொல்லும் என்பது தெரியாது. கிரூமிங்குக்குப் போகாதீர்கள்.

முன்னாள்_கம்பவுண்டர்

பாராட்டை பேங்கில் போட முடியாது சார்.

புளியந்தோப்புக்காரன்

யாரும் சொல்லாத ஒன்று. தெருநாய்க் கருத்தடை மையங்களில் ஆள் தேவை. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் தெருநாய் விஷயமாக உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து எல்லா ஊரிலும் இந்த வேலைக்கு மவுசு. ஆபரேஷன் முடிந்து அடையாளத்துக்குக் காதில் வெட்டி விட்டார்களா என்று பார்ப்பது வரை தெரிந்த ஆளை விடமாட்டார்கள். ஒரே பிரச்சினை, அங்கே வருகிற நாய்க்கு வளர்ப்பு நாயின் மரியாதை தெரியாது.

வாடகைக்_கட்டடம்

அங்கே போவதானால் ஒன்று. ரேபிஸுக்கு முன்தடுப்பு ஊசி மூன்றும் போட்டிருக்கிறீர்கள்தானே? முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள்.

நீலக்கான்யூலா

இல்லை டாக்டர். ஒன்பது வருடத்தில் யாரும் சொன்னதில்லை. இரண்டு முறை நன்றாகக் கடி வாங்கியிருக்கிறேன். "வேக்சின் போட்ட வீட்டு நாய்தானே, சோப்புப் போட்டுக் கழுவு" என்றார்கள். கழுவினேன்.

பச்சைச்_சட்டை

என்ன?!

முன்னாள்_கம்பவுண்டர்

நானும் போட்டதில்லை. எந்தப் பையனும் போட்டதில்லை. டாக்டர்கள் போட்டிருப்பார்கள்.

வாடகைக்_கட்டடம்

போட்டிருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போதே.

சோப்பும் தண்ணீரும் பதினைந்து நிமிடம் என்பது சரிதான், ஆனால் அது பாதிதான். கடித்த பிறகு போடும் ஊசியைத் தவிர்க்கவே கூடாது. முன்பே போட்டிருந்தால் கடிக்குப் பிறகு இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. இதையெல்லாம் நாய் வளர்க்கிறவர்களுக்கு நாள் முழுக்கச் சொல்கிறேன்.

என் கிளினிக்கில் மூன்று பேர். அதில் ஒருவருக்குப் போட்டது ஞாபகம் இருக்கிறது. மற்ற இருவரை நாளைக் காலை கேட்க வேண்டும். பொறுமையாக இருங்கள் என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

மூன்று_பூனை

சிஸ்டர், தயவுசெய்து முதலில் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். என் பூனைகளுக்கு வருடா வருடம் போடுகிறேன். பிடித்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்குப் போட்டார்களா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

நீலக்கான்யூலா

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை.

இங்கே பேசியதை அப்படியே எங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, பில்லை அவர் மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பணம் கவரில் இருந்தது. ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நாயைப் பிடிக்கிற பையனிடம் "நீயும் போய்ப் போட்டுக்கோடா" என்றாராம்.

இரண்டாவது ஊசியும் முடிந்தது. கிரூமிங் கடைக்காரரிடம் ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கருத்தடை மையத்தைப் போய்ப் பார்க்கிறேன். மூன்றாவது ஊசி 28ஆம் நாள். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

அந்த லாப்ரடார் குட்டி பிழைத்துவிட்டது. நேற்று தடுப்பூசிக்கு எப்போது வரலாம் என்று கேட்க வந்தார்கள். தூக்கிப் பார்த்தேன், மூன்று கிலோவுக்கு மேல் இருக்கிறது. இப்போது நீலமே போகும்.