வெள்ளவத்தை வீட்டார் குழு: கவினின் பிரஷர்

*செவ்வாய்*

வதனி, பி.ப. 4.12: ஸ்கூல் மெடிக்கலில் கவினுக்குப் பிரஷர் 148/94 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 15 வயதுப் பிள்ளைக்கு இப்படி வருமா அக்கா? எனக்குக் கைகால் ஓடவில்லை.

ரவி, 4.15: பயப்படாதே தங்கச்சி. ஓ.எல். சோதனை கிட்ட வருகிறது, அந்த யோசனைதான். ரெண்டு நாள் ரியூஷனை நிற்பாட்டி நித்திரை கொள்ள விடு.

அம்மா, 4.19: காமரங்காய் ஜூஸ் அடித்துக் குடு பிள்ளை. பிரஷருக்கு நல்லம் என்று சொல்லுவார்கள். பக்கத்து வீட்டில் காய்த்துக் கிடக்கிறது.

சுதா, 4.21: அம்மா, அது மட்டும் வேண்டாம். காமரங்காயிலும் பிலிங்காயிலும் ஒக்சலேட் என்ற உப்பு அதிகம். கிட்னி பழுதான ஆளுக்கு அது நஞ்சு. நல்ல கிட்னியைக்கூட, வெறும் வயிற்றில் நிறையக் குடித்தால் திடீரென்று நிற்பாட்டிவிடும். இவனுடைய கிட்னி எப்படி இருக்கிறதென்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.

சுதா, 4.23: கவின், எப்படி அளந்தார்கள் ராசா?

கவின், 4.30: கிரவுண்டில் ஓடிவிட்டு வந்து லைனில் நின்றோம் பெரியம்மா. பட்டி என் கைக்குப் போதவில்லை. ஒட்டின இடம் கழன்று கழன்று போனது, மிஸ் கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சுதா, 4.34: பட்டி சின்னதாக இருந்தால் இல்லாத பிரஷரையும் கூட்டிக் காட்டும். உள்ளே காற்று நிரம்புகிற பை, கைச் சுற்றளவில் 80 வீதத்தையாவது மூட வேண்டும். ஓடிவிட்டு வந்த உடனும் அளக்கக் கூடாது. நான் பெரிய பட்டியோடு இரவு வருகிறேன். அதுவரை தேத்தண்ணி, கோப்பி குடிக்காதே.

சுதா, 9.05: அளந்தாயிற்று. கதிரையில் முதுகு சாய்த்து, பாதம் தரையில், கதை பேச்சில்லாமல் 5 நிமிடம் இருத்தினேன். வலது கையில் மூன்று தரம்: 144/92, 142/90, 142/90. ஆகவே பட்டி மட்டும் காரணம் இல்லை வதனி. 13 வயது தாண்டிய பிள்ளைக்கு 130/80 தொட்டாலே கூடத்தான், 140/90 அதற்கு அடுத்த படி. காலிலும் அளந்தேன். கையைவிடக் காலில் குறைந்தால் நெஞ்சிலிருந்து இரத்தம் கொண்டுபோகிற பெருங்குழாய் ஒடுங்கியிருக்கலாம். அது இல்லை.

ரவி, 9.11: கிட்னி வருத்தம் மதவாச்சி, பதவியா பக்கம் விவசாயிகளுக்கு வருவதல்லவா? கொழும்பில் குழாய்த்தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு?

சுதா, 9.20: அது வேறு வருத்தம் அண்ணா. அது பெரும்பாலும் வளர்ந்தவர்களுக்கு வருவது. அதில் தொடக்கத்தில் பிரஷர் அவ்வளவாக ஏறாது, சலத்தில் (சிறுநீரில்) புரதமும் அதிகம் போகாது. பிள்ளைகளில் பிரஷர் இந்த அளவுக்கு ஏறினால் முதலில் கிட்னியைத்தான் தேட வேண்டும். எடை, உப்பு, பரம்பரை எல்லாம் பிறகு. நான் சிறுவர் வார்டில் வேலை செய்தபோது, “சோதனைப் பயம்” என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடத்தைத் திருப்பித் தர எங்களால் முடியவில்லை.

சுதா, 9.22: வதனி, சின்னதில் இவனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனதல்லவா? என்ன காய்ச்சல் அது?

வதனி, 9.40: ஒன்றரை வயதில் மூன்று தரம் சலத்தில் கிருமி என்றார்கள் அக்கா. மருந்து தந்தார்கள், மாறியது. ஸ்கான் எடுக்கச் சொன்ன ஞாபகம் இல்லை. அந்தக் கொப்பியை இப்போதுதான் அலுமாரிக்குள்ளிருந்து எடுத்தேன். பக்கமெல்லாம் ஒட்டிப் போயிருக்கிறது.

சுதா, 9.43: அந்தக் கொப்பியைப் பத்திரமாக வை. டொக்டருக்கு அதுதான் முதல் சாட்சி. சலம் பையிலிருந்து மேலே கிட்னிக்குத் திரும்பிப் போகிற பிள்ளைகளுக்குக் கிருமி அங்கே போய் வடு போட்டுவிடும். வடு சத்தம் போடாது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிரஷராகத்தான் தலை காட்டும்.

வதனி, 9.50: தலையிடி என்று சொன்னபோதெல்லாம் இபுபுரூபன் கொடுத்தேனே.

சுதா, 9.52: உனக்கு எப்படித் தெரியும்? இனிக் கொடுக்காதே. அது பிரஷரையும் ஏற்றும், கிட்னிக்கு வரும் இரத்தத்தையும் குறைக்கும். தலையிடித்தால் பனடோல். பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, 180/120 தாண்டினாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டியில் ஏற்று. நாளையும் மறுநாளும் இதேபோல் அளப்போம், வெள்ளிக்குள் டொக்டர் பார்க்க வேண்டும். சலம் காலையில் எழும்பியதும் முதலாவதாகப் போவதைப் பிடி. வளரும் பிள்ளைகள் சிலருக்கு நின்று நடந்தாலே கொஞ்சம் புரதம் கசியும், அதை வைத்து ஏமாறக் கூடாது.

*ஒன்பது நாள் கழித்து, வியாழன்*

வதனி, பி.ப. 6.02: ரிப்போர்ட் வந்தது. இரத்தத்தில் கிட்னி கழிக்க வேண்டிய கிரியேட்டினின் 0.9, பக்கத்தில் சரி என்று போட்டிருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஸ்கானில் இடது கிட்னி 8.1 செ.மீ., வலது 10.9. சலத்தில் அல்புமின் என்ற புரதம், கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு 110 மி.கி.

சுதா, 6.15: அந்தச் “சரி” பெரிய ஆட்களின் அளவை வைத்துப் போட்டது. பிள்ளைகளுக்கு உயரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 168 செ.மீ. உயரத்தை 0.413ஆல் பெருக்கி 0.9ஆல் பிரித்தால் கிட்னி வடிகட்டுகிற அளவு 77. தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது. அல்புமின் 30க்குள் இருக்க வேண்டும். இடது கிட்னி சுருங்கியிருக்கிறது, வலது அதன் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வடு எங்கே, எவ்வளவு என்று பார்க்க இன்னொரு ஸ்கான் சொல்லுவார்கள்.

ரவி, 6.18: நான் ஓ.எல். யோசனை என்று சொல்லிவிட்டேனே.

சுதா, 6.21: நீங்கள் அவனைத் தேற்றத்தானே சொன்னீர்கள் அண்ணா. வதனி, நேரத்தோடு பிடித்துவிட்டோம், அதை மனதில் வை. ஐரோப்பாவில் கிட்னி வருத்தம் உள்ள 385 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. பிரஷரை நன்றாக இறக்கி வைத்த பிள்ளைகளுக்குக் கிட்னி மெதுவாகத்தான் தேய்ந்தது. மருந்து தொடங்கினால் ஒன்றிரண்டு கிழமையில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் திரும்பப் பார்க்க வேண்டும், விட்டுவிடாதே. கருவாடு, அப்பளம், மிக்சர் எல்லாம் வீட்டுக்கே வேண்டாம். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால்தான் அவனுக்கு அது தண்டனை மாதிரி இருக்காது.

அம்மா, 6.30: நான் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டேன் பிள்ளை.

சுதா, 6.32: கவினின் தங்கச்சி மாதுவுக்கும் ஒரு ஸ்கான் எடு. சலம் திரும்பிப் போவது கூடப்பிறந்தவர்களுக்கும் வரும்.

*சனி*

கவின், பி.ப. 3.10: 24 மணி நேரம் பிரஷர் அளக்கிற மெஷின் கட்டிவிட்டார்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இறுக்குகிறது. ரியூஷனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேனையை வைத்துவிட்டுக் கையை அசையாமல் வைத்திருந்தேன் பெரியம்மா.

சுதா, 3.12: கெட்டிக்காரன். அப்படித்தான்.

வதனி, 9.48: இரவு நித்திரை குழம்புமே அக்கா, கழற்றிவிடட்டுமா?

சுதா, 9.49: கழற்றாதே. நித்திரையில் பிரஷர் பத்து வீதமாவது இறங்க வேண்டும். கிட்னி பழுதானவர்களுக்குப் பல நேரம் இறங்காது. அதைப் பார்க்கத்தான் இந்த இரவு.

கவின், 9.53: இடது பக்கம் சரிந்து படுத்திருக்கிறேன். இப்ப ஒருக்கா இறுக்கிவிட்டது. அடுத்தது இருபது நிமிடத்தில்.