1876 அமெரிக்க அதிபர் தேர்தல்: ஹேய்ஸ் ஜெயித்தாரா, ஜெயிக்க வைத்தார்களா?

மணிக்கூண்டு:
"1876 தகராறை நடுநிலையான ஆணையம் போட்டு நாகரிகமாகத் தீர்த்தார்கள்" என்று மேலே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். எது நடுநிலை? ஆணையத்தில் 15 பேர். எட்டுக்கு ஏழு. தகராறில் இருந்த 20 தேர்வாளர் வாக்குகளும் (அதிபரை முடிவு செய்வது மாநிலங்களின் இந்தத் தேர்வாளர்கள்தான்) மொத்தமாகக் குடியரசுக் கட்சி ஹேய்ஸ் மடியில் விழுந்தன. மக்கள் வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் முன்னால் இருந்த ஜனநாயகக் கட்சி டில்டன் வீட்டுக்குப் போனார். எட்டாவது கை யாருடையது? நீதிபதி பிராட்லி. குடியரசுக் கட்சிக்காரர்.

வெண்கலப்பானை:
பிராட்லி எப்படி உள்ளே வந்தார் என்பதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்களே. அந்த நாற்காலி டேவிட் டேவிஸுக்கு என்றுதான் பேச்சு. கட்சி சாராத நீதிபதி. இலினாய் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு அவரை செனட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் அவர் ஆணையத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். ஜனநாயகக் கட்சி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அப்புறம் ஒப்பாரி எதற்கு?

மணிக்கூண்டு:
டேவிஸ் கதை எனக்கும் தெரியும் சார். நான் கேட்டது பிராட்லி. ஃபுளோரிடா மாநிலத் தகராறு, எட்டுக்கு ஏழு. லூசியானா, எட்டுக்கு ஏழு. ஒரு முறையாவது அந்தக் கை மாறியதா?

கருப்பட்டிக்காப்பி:
எதிர்ப்பக்கத்து ஏழு பேர் மட்டும் மாறினார்களாக்கும்! ஆரிகன் மாநிலத்தைப் பாருங்கள். அங்கே ஜெயித்தது ஹேய்ஸ்தான். தேர்வாளர் ஒருவர் போஸ்ட்மாஸ்டர், அரசுப் பதவியில் இருப்பவர் என்று காரணம் காட்டி, ஜனநாயகக் கட்சி ஆளுநர் தன் ஆளை அந்த இடத்தில் செருகினார். டில்டனிடம் 184 தேர்வாளர் வாக்குகள், தேவை 185. அந்த ஒன்றுக்காகத்தான். புரிகிறதா?

மணிக்கூண்டு:
போஸ்ட்மாஸ்டரை விடுங்கள். பிராட்லி.

வழிப்போக்கன்:
தென் கரோலினாவில் தகுதியான வாக்காளர்களைவிட அதிக ஓட்டு விழுந்தது. கறுப்பின வாக்காளர்களை அடித்து, கொன்று, மிரட்டினார்கள். அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? 1877 ஏப்ரலில் ஹேய்ஸ் தென் கரோலினாவின் கொலம்பியா, லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் மாநில அரசுக் கட்டடங்களிலிருந்து மத்தியப் படையை விலக்கியதும் கறுப்பின மக்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

மணிக்கூண்டு:
தம்பி, அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே எட்டுக்கு ஏழு.

வெண்கலப்பானை:
2000 தேர்தல் இழையில், ஃபுளோரிடா மறு எண்ணிக்கையை ஐந்துக்கு நாலு என்று நிறுத்திய உச்ச நீதிமன்றத்தை "சட்டம் பேசியது" என்று கொண்டாடியவர் நீங்கள்தானே?

மணிக்கூண்டு:
அது வேறு, இது வேறு. அந்த இழையில் நீங்கள் என்னை 'கூகுள் பண்டிதர்' என்றதும் நினைவிருக்கிறது. முதலில் பிராட்லிக்குப் பதில் சொல்லுங்கள்.

கருப்பட்டிக்காப்பி:
ஆரிகனுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை.