எஸ்எம்பிஎஸ் மாற்றியும் கணினி ஓடவில்லை, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் கரண்ட் போய்த் திரும்ப வந்த நொடியில் அப்பாவின் டெஸ்க்டாப்பில் 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே கருகிய வாடை. கணினிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் தலை பிளந்து கிடந்தது.

புதிதாக 450 வாட் வாங்கிப் போட்டேன். பட்டனை அழுத்தினால் பிராசசர் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. பீப் சத்தம்கூட இல்லை. புது எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் நன்றாக ஓடுகிறது. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டாயிற்று, மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரியும் மாற்றியாயிற்று. ஆனால் பிராசசருக்குப் போகும் 4 பின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டால் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது! அதனால் பிராசசர் பக்கத்து மாஸ்ஃபெட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன பாகம்) ஏதாவது ஷார்ட் ஆகியிருக்குமோ என்று சந்தேகம். கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே வைத்துப் பார்ப்பது? பிராசசரும் போயிருக்குமா?

அப்புறம், பெரிய கவலை ஹார்டு டிஸ்க்தான். அம்மா இருந்தபோது எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. நேராக நண்பரின் கணினியில் மாட்டிப் பார்க்கலாமா, அதற்கு முன் ஏதாவது சோதிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.