சாத்தப்பன் என்ற பெயருக்கு என்ன பொருள்? மகனுக்கு வைக்கலாமா?

கோட்டையூரான்:
எனக்கு மகன் பிறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது. எங்கள் செட்டிநாட்டு வழக்கம் தெரிந்ததுதான், மூத்த பையனுக்கு அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர். அதன்படி இவன் சாத்தப்பன். பெங்களூரில் வளரப்போகிற பிள்ளையைச் 'சாத்தான்' என்று கூப்பிட்டே அழவைத்துவிடுவார்கள் என்கிறாள் மனைவி. ஆத்தா வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கிடந்த பித்தளைத் தூக்கைப் புளி போட்டுத் துலக்கி, முற்றத்து வளவில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார். மூடிக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'சா. ராம. சா.' என்று வெட்டியிருக்கிறது. கடைசிச் சா. என் அப்பச்சி. நடுவில் உள்ள ராம. என் ஐயா, இப்போது அந்தப் பெயர் எனக்கு. இந்தப் பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? மனைவியிடம் காட்ட வேண்டும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கூலவாணிகம்:
இதில் குழப்பமே இல்லை. சாத்து என்றால் வணிகக் கூட்டம். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து சுங்கம் வாங்கும் பெருவழியில் போவது 'கழுதைச் சாத்து'. கோவலனின் தந்தை மாசாத்துவான், புகாரின் பெருவணிகன். மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகன், அதாவது தானிய வியாபாரி. கடல் தாண்டி வியாபாரம் செய்த செட்டிநாட்டில் இந்தப் பெயர் நிலைத்ததில் என்ன வியப்பு? வணிகன் என்பதுதான் பொருள். பெருமையாக வையுங்கள்.

செம்மண்:
அண்ணன் அவசரப்படுகிறார். நம் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பழனியப்பன், ராமநாதன், அண்ணாமலை, சிதம்பரம், சொக்கலிங்கம், வயிரவன், கருப்பன். எல்லாம் சாமி பெயர், இல்லாவிட்டால் சாமி இருக்கும் ஊர். தொழிலைப் பெயராக வைத்தவர் யார்? வட்டியப்பன் உண்டா, கணக்கப்பன் உண்டா? சாத்தன் என்பது ஐயனாரின் பழைய பெயர். சிலப்பதிகாரத்திலேயே பாசண்டச் சாத்தன் கோயில் வருகிறது. சிங்கம்புணரியில் சேவுகப்பெருமாள் அய்யனார் இருக்கிறார், நம் பக்கம் சேவுகன் என்று பெயர் வைக்கிறார்கள். சாத்தப்பனும் அதே வழிதான். நமணசமுத்திரம் ஐயனார் கோயிலில் மண்குதிரை வரிசையைப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூலவாணிகம்:
ஐயனாரைக் காட்டில் யார் கும்பிட்டார்கள்? வழிப்பறிக்கு அஞ்சிய சாத்துக்காரர்கள். சாத்தைக் காத்ததால் அவர் சாத்தன். சுற்றி வந்தாலும் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறீர்கள், தம்பி.

செம்மண்:
அது ஊகம். கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக உண்மை ஆகிவிடாது. சாஸ்தா என்ற சொல்லோடு சாத்தனைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்கு உங்கள் கழுதைகளால் என்ன பயன்?

ஏட்டுச்சுவடி:
இருவரும் ஒரு சங்கதியை விட்டுவிட்டீர்கள். தொல்காப்பிய உரைகளில் எடுத்துக்காட்டுக்கு எவன் வந்தாலும் அவன் சாத்தன், இல்லாவிட்டால் கொற்றன். 'சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான்' என்றே பக்கங்கள் நிறையும். தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்த பெயராக இருந்தால்தான் இலக்கணக்காரர் கைக்கு அது முதலில் வரும். எகிப்தில் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று கணன், மற்றொன்று சாதன். ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமை. இரட்டிக்கும் தகரத்தை ஒற்றையாக எழுதுவது அக்கால வழக்கம், ஆகவே அவன் சாத்தன்தான்.

கூலவாணிகம்:
பார்த்தீர்களா! செங்கடல் வரை போனவன் வணிகன் அல்லாமல் வேறு யார்?

ஏட்டுச்சுவடி:
போனவன் வணிகனாக இருக்கட்டும். பெயருக்குப் பொருள் வணிகன் என்று ஆகாது. புறநானூறு 242-ஆம் பாட்டைப் பாருங்கள். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்த பிறகு குடவாயிற் கீரத்தனார் முல்லைக் கொடியைப் பார்த்துக் கேட்கிறார்: 'வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே'. அவன் வேல் பிடித்த தலைவன், தராசு பிடித்தவன் அல்லன். அந்த ஒல்லையூரைப் பொன்னமராவதிப் பக்கத்து ஒலியமங்கலம் என்று அடையாளம் காட்டுகிறார்கள். கோட்டையூராருக்குப் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். பேராசிரியர்கள் சண்டையை விடுங்கள், உங்கள் பையனின் பெயர் அந்த மண்ணில் பாட்டாகவே நிற்கிறது.

இன்னொன்று. அப்பர் தேவாரத்தில் சிவனைச் 'சாத்தனை மகனா வைத்தார்' என்கிறார். அப்படியானால் சாத்தனுக்கு அப்பன் சிவன். சாத்தப்பன் சிவன் பெயராகவும் இருக்கலாமே?

செம்மண்:
இது கொஞ்சம் அதிகம். பழனியப்பன் பழனிக்கு அப்பனா? அழகப்பன் அழகுக்கு அப்பனா? அப்பன் இங்கே மரியாதைக்குச் சேர்வது. இரண்டாவது பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏட்டுச்சுவடி:
திரும்பப் பெறுகிறேன். முல்லையைத் தரமாட்டேன்.

நானும் சாத்தப்பன்:
இந்தப் பெயரோடு முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கேலி உண்மை. வகுப்பில் காற்று அடித்தால் ஆசிரியரே 'சாத்தப்பா, கதவைச் சாத்தப்பா' என்பார். வகுப்பே சிரிக்கும், நானும் எழுந்து போய்ச் சாத்துவேன். சாத்தான், குட்டிச்சாத்தான் எல்லாம் உண்டு. சாத்தான் எபிரேய மொழியிலிருந்து பைபிள் வழியாக வந்த சொல், எதிரி என்று பொருள், எனக்கும் அவனுக்கும் உறவில்லை என்று பத்து வயதில் விளக்கினால் யார் கேட்கிறார்கள்? ஏழாம் வகுப்போடு அது ஓய்ந்தது. ஓயாதது விண்ணப்பப் படிவம். மதிப்பெண் பட்டியலில் ஒரு பி, பாஸ்போர்ட்டில் இரண்டு பி, ஒரு வங்கிக் கணக்கில் டி-க்குப் பின்னால் எச் காணாமல் போயிருக்கிறது. ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தே கை ஓய்ந்தது. பொருளை அப்புறம் ஆராயுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் வேறு பெயர் வைத்துவிடுங்கள் என்பேன். ஆனால் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:
எல்லாரும் படித்தவர்கள், எழுதுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்தது, ஐயாவின் பெயரைச் சுமப்பவன். இது வீட்டில் ஒருவருக்கும் நினைவு வரவில்லையா? என் மூத்தவனுக்கு மாமனார் பெயர்தான். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று இருந்ததால் அவனைத் 'தம்பி' என்றே வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயர் கேட்டார்கள். வாயில் வரவில்லை. பென்சில் வாங்கி எழுதிக் காட்டினேன். அப்படியும் பெயர் மாறவில்லை, அவனும் கெட்டுப்போகவில்லை. கோட்டையூர்த் தம்பி, சான்றிதழில் ஐயா பெயர் இருக்கட்டும், கூப்பிட உன் வீட்டுக்காரி விருப்பப்படி ஒன்று இருக்கட்டும். நம் வீடுகளில் எந்தப் பிள்ளைக்கு ஒரே பெயர் இருந்தது?

நானும் சாத்தப்பன்:
ஆச்சி, அந்தக் காலத்தில் கூப்பிடும் பெயர் வீட்டோடு நின்றது. இப்போது ஆதார் அட்டை எந்தப் பெயரோ அதுதான் பள்ளியிலும் பலகையிலும். பெங்களூரில் பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்?

தேவகோட்டை ஆச்சி:
அதற்குத்தான் அப்பத்தாவை ஊரிலிருந்து அழைத்துப் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
ஒரு நடைமுறைத் தகவல். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவதுதான் அலைச்சல். எனவே சண்டை போட நேரம் இருக்கிறது.

கோட்டையூரான்:
எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மனைவி வாசித்தாள். வணிகன் என்பதற்கு 'உம்' என்றாள். ஐயனாருக்குக் கொஞ்சம் இளகினாள். புறநானூற்று வரியைப் படித்ததும், "இது இறந்தவனுக்குப் பாடியது அல்லவா? பச்சைப் பிள்ளைக்கு இதையா காட்டுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாள். ஏட்டுச்சுவடி ஐயா மன்னிக்கவும், முல்லை வேலை செய்யவில்லை. ஆனால் ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஒரு பி போட்டும் இரண்டு பி போட்டும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செம்மண்:
இரண்டு பி.

கூலவாணிகம்:
இதில் மட்டும் தம்பி சொல்வது சரி.